அடுப்பில் எரிந்த சிறுத்தைகள்

போட்டோதானே மேடம், நான் எடுத்துத் தர்றேன், போனைக் குடுங்க. பிள்ளைய மட்டும் அந்த மரச் சிறுத்தை முதுகுலேருந்து இறக்கிடுங்க. பக்கத்துல நிக்கட்டும். இல்ல இல்ல, ரூல்ஸ் எல்லாம் ஒண்ணும் கிடையாது. வர்றவங்க எல்லாரும் மேல உக்கார வெச்சுத்தான் எடுக்கிறாங்க, மேனேஜரும் எதுவும் சொல்றதில்ல. மரத்துல சிலாம்பு இருக்கும், பிஞ்சுக் கால்ல ஏறிடும். அதுக்குத்தான்.

ம், இப்ப சரி. எடுத்தாச்சு, பாருங்க. பாப்பா உள்ள போய் அப்பாகூட இருக்கட்டும் மேடம். பனி இறங்குது.

யார் செஞ்சதுன்னா கேக்கறீங்க? எங்க வீட்டுக்காரர்தான். தங்கையான்னு பேரு. இந்த எஸ்டேட்ல மரம் அறுக்கிறவர். உளி, சுத்தியல் எதுவும் கிடையாது. ரோட்டுல மரம் விழுந்தா டுர்ருனு சத்தத்தோட அறுப்பாங்களே, செயின் சா மிஷின், அதுலயே மொத்தமும் செஞ்சது. இந்தப் புள்ளி இருக்கே, இதுகூட மிஷின் நுனியால தொட்டுத் தொட்டு எடுத்ததுதான். நுனி மரத்துல பட்டா மிஷின் மூஞ்சிக்கு எகிறும். தாடையில ஒரு வெட்டு வாங்கியிருக்கார், மீசைக்குக் கீழ, இன்னும் தழும்பு இருக்கு. அந்தா, கேட்டுக்கிட்ட நிக்குதே கரடி, அதுவும் அவர் கைதான். ரோடு பிரியற இடத்துல காட்டுமாடு ஒண்ணு பார்த்திருப்பீங்க. அதுவும்.

நல்லா செய்வார். அதுல நான் குறை சொல்ல மாட்டேன். எனக்குக் குறை வேற.

நீங்க படிச்சவங்க, உங்களைக் கேக்கறேன். ஒரு மனுஷன் கட்டின பொண்டாட்டிகிட்ட ஒரே கேள்விய மாசக்கணக்கா கேட்டுக்கிட்டே இருந்தா அதுக்குப் பேர் என்ன மேடம்? விசாரணைதானே? போலீஸ்காரன்கூட ரெண்டு தடவை கேட்டுட்டு விட்டுடுவான்.

உக்காருங்க. டீ வர்ற வரைக்கும் சொல்றேன்.

எங்களுக்கு ஒரு பொண்ணு இருந்தா. பிரின்சி. அஞ்சு வயசு. அவ பொறந்ததுக்கு அப்புறம்தான் இவருக்கு இந்தப் பைத்தியம் பிடிச்சுது. போன்ல எங்கேயோ வெளிநாட்டுல ஒருத்தன் மிஷின்ல கரடி செய்யறதைப் பார்த்திருக்கார். மறுநாள் வேலை முடிஞ்சு வர்றப்ப தோள்ல ஒரு சில்வர் ஓக் துண்டு. ஆந்தை செய்யறேன்னு உக்காந்தார். வந்தது என்னமோ பூசணிக்காய்க்குக் கண்ணு வெச்ச மாதிரிதான். ஆனா பிள்ளைக்கு அதை விட்டுப் பிரிய மனசில்ல. அதைக் கட்டிப்பிடிச்சுத்தான் தூங்குவா. அப்புறம் இருவாச்சி, கேளையாடு, முள்ளம்பன்னின்னு கை திருந்திக்கிட்டே வந்துச்சு. எஸ்டேட் ஆளுங்களுக்கு வரிசையா கட்டின லைன் வீடு எங்களுது, செஞ்சு முடிச்சதை அதுக்குப் பின்னால நிறுத்தி வெச்சிடுவார். காலையில எந்திரிச்சதும் அவ பின்பக்கம் ஓடுவா. இன்னைக்கு என்ன வந்திருக்குன்னு பார்க்க. ஏறி உக்காந்துக்குவா, காதைப் பிடிச்சு ஆட்டுவா, சோறு ஊட்டுவா. வீட்டுக்குப் பின்னால ஒரு காடே நின்னுச்சு.

நெசக் காடும் அங்கதான் நின்னுச்சு மேடம். எங்க லைனுக்குப் பின்னால குழாயடி, அதைத் தாண்டி உண்ணிச்செடிப் புதர், அதுக்கு அந்தப் பக்கம் தேயிலை. அந்தப் புதரை வெட்டிவிடுங்கன்னு நான் சொல்லிக்கிட்டே இருந்தேன். மிஷினைக் கையில வெச்சிருக்கிற மனுஷனுக்கு அது அஞ்சு நிமிஷ வேலை. அப்ப அவர் மேனேஜருக்காக இந்தக் கரடிய செஞ்சுக்கிட்டு இருந்தார். கரடி முடியட்டும், கரடி முடியட்டும்னார். நான் அதைப் பெரிசா எடுத்துக்கல. இன்னைய வரைக்கும் அதைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னதில்ல. அவரும் சொன்னதில்ல. அது போகட்டும்.

ஐப்பசி மாசம். ஒரு வாரமா விடாம அடிச்ச மழை அன்னைக்குச் சாயங்காலம்தான் விட்டுது. கொழுந்து எடுத்துட்டு வந்து, பால்வாடியில இருந்து அவளைக் கூட்டிக்கிட்டு, குழாயடியில பாத்திரம் கழுவ உக்காந்தேன். அவ பின்னால விளையாடிக்கிட்டு இருந்தா. குடத்தைத் தூக்கி வெச்சுட்டுத் திரும்பறேன், புதர் ஓரத்துல நிக்கறா. அவ கை நீட்டினா தொடற தூரத்துல அது நிக்குது.

அப்புறம் நடந்ததைச் சொல்ல ஒண்ணுமில்ல. கண்ணை மூடித் திறக்கிற நேரம். மறுநாள் காலையில தேயிலைக்குள்ளதான் எடுத்தாங்க. என்னைப் பார்க்க விடல.

நான் கத்தவே இல்லைன்னு எங்க நாத்தனார் ஊரெல்லாம் சொன்னா. கத்தினேன் மேடம். சத்தம் வரலை, அவ்வளவுதான்.

ஃபாரஸ்ட்காரங்க கூண்டு வெச்சாங்க. ஆட்டைக் கட்டிப்போட்டு நாலஞ்சு நாள் காத்திருந்தாங்க. சிறுத்தை ஒண்ணு விழுந்துச்சு. ஊரே போய்ப் பார்த்துச்சு. என்னையும் கூட்டிக்கிட்டுப் போனாங்க, பார்த்தா மனசு ஆறும்னு. பெரிய கடுவன். கூண்டுக் கம்பியைக் கடிச்சு வாயெல்லாம் ரத்தம். நான் பார்த்துட்டு, இது இல்லைன்னேன். அந்த ஆபீசர் நல்ல மனுஷர்தான், பதமாத்தான் சொன்னார். பயந்து போனவங்களுக்கு அப்படித்தான் தோணும்மா, எல்லாம் பார்க்க ஒண்ணுபோலத்தான் இருக்கும்னு. லாரியில ஏத்திக் கொண்டு போயிட்டாங்க. எல்லாரும் லாரியைப் பார்த்துக்கிட்டு நிக்கறாங்க. பிரின்சி அப்பா மட்டும் என்னையே பார்த்துக்கிட்டு நிக்கறார்.

வீட்டுக்கு நடந்து வர்றப்ப கேட்டார். அப்ப அது எப்படி இருந்துச்சு ரோஸ்லின்னு.

அதுதான் முதல் தடவை. நான் பதில் சொல்லல.

ஏன் சொல்லணும்? இதுக்குப் பதில் சொன்னா அடுத்து என்ன கேள்வி வரும்னு எனக்குத் தெரியாதா? எவ்வளவு தூரத்துல நின்ன, அது உன் கண்ணுல பட்டப்பவே ஏன் ஓடல, கையில குடம் இருந்துச்சே எடுத்து ஏன் எறியல. ஒண்ணு ஒண்ணா வரும். அவர் அதையெல்லாம் கேக்கலதான். வாயைத் திறந்து ஒரு நாளும் கேக்கல. ஆனா கேக்கத்தானே ஆரம்பிச்சார்? கயித்தோட ஒரு நுனியைப் பிடிச்சா மறு நுனி வந்துதானே ஆகணும்?

கொஞ்ச நாள் வேலைக்கே போகல. சுவத்தைப் பார்த்து உக்காந்திருப்பார். பிள்ளை விளையாடின மரச் சாமானை எல்லாம் ஒரு நாள் எங்கேயோ கொண்டு போய்ப் போட்டுட்டார். அப்புறம் ஒரு காலையில பேர் குடுக்க மஸ்டருக்குக் கிளம்பறப்ப பின்னால மிஷின் சத்தம் கேக்குது. வேலைக்குத்தான் கிளம்பிட்டார் போலன்னு நினைச்சேன். போய்ப் பார்த்தா ஒரு சில்வர் ஓக் கட்டைய நட்டு வெச்சு அறுத்துக்கிட்டு இருக்கார். நடுக்கூடத்துல எழவு காயல, இந்த மனுஷன் பொம்மை செய்யறாரேன்னு திட்டிக்கிட்டே வேலைக்குப் போயிட்டேன். சாயங்காலம் வந்தா கூப்பிட்டார். ஒரு நிமிஷம் வந்து பாரேன்னார்.

சிறுத்தை மேடம். வாயைப் பொளந்துக்கிட்டு, பல்லெல்லாம் காட்டிக்கிட்டு, பாயற மாதிரி.

இப்படியா இருந்துச்சுன்னார்.

இல்லைன்னேன்.

தலைய ஆட்டினார். மிஷினை எடுத்து அதைத் துண்டு துண்டா அறுத்தார். கோவத்துல இல்ல. எங்க அடுப்பு எவ்வளவு அகலமோ அந்த அளவுக்குப் பார்த்துப் பார்த்து அறுத்து, சுவத்தோரமா அடுக்கி வெச்சார். அதுலதான் மறுநாள் சோறு பொங்கினேன்.

அப்புறம் இன்னொண்ணு. அப்புறம் இன்னொண்ணு. படுத்த மாதிரி, பதுங்கின மாதிரி, நகத்தை விரிச்ச மாதிரி. ஒவ்வொண்ணுக்கும் கூப்பிடுவார், ஒரு நிமிஷம் வந்து பாரேன்னு. நான் போய்ப் பார்ப்பேன். போக மாட்டேன்னு சொல்லியிருக்கலாம், ஆனா போவேன். இல்லைம்பேன். அவர் அறுப்பார். பகல்ல எஸ்டேட் வேலை, சாயங்காலம் இது. கை வீங்கிப் போச்சு, சட்டைப் பொத்தான் போட முடியாது, நான்தான் போட்டுவிடுவேன். மழைக்காலம் பூரா எங்க அடுப்புல சிறுத்தைதான் எரிஞ்சுது. தலை ஒரு நாள், கால் ஒரு நாள். நல்லா காஞ்ச மரம், நின்னு எரியும்.

லைன்ல இருந்தவங்க முதல்ல பாவப்பட்டாங்க. அப்புறம் பயந்தாங்க. பக்கத்து வீட்டுல ஜார்க்கண்ட்காரங்க, அந்தப் பொண்ணு தன் குழந்தையப் பின்பக்கமே விட மாட்டா. நாத்தனார் வந்து, நீ ஒரு தடவை ஆமான்னு சொல்லித் தொலைச்சா என்ன, என் தம்பி உயிரோட செத்துக்கிட்டு இருக்கான்னு அழுதா. எப்படிச் சொல்றது? அது இல்லையே. இல்லாததை எப்படி ஆமான்னு சொல்றது?

அப்ப எப்படித்தான் இருந்துச்சுன்னு அவன்கிட்ட சொல்லித் தொலையேன்னா நாத்தனார். அதையும் சொல்ல மாட்டேன். அது நான் பார்த்தது. எனக்கு மிஞ்சினது அது ஒண்ணுதான். அதையும் இவர் மிஷினுக்குக் குடுக்கணுமா?

மாசி மாசம் காத்துல ஃபேக்டரி பக்கத்துப் பலா விழுந்துச்சு. பெரிய மரம். ரோட்டை மறிச்சுக்கிட்டுக் கிடந்ததை இவர்தான் போய் அறுத்தார். அப்ப இந்த பங்களாவை டூரிஸ்டுக்குத் திறக்கப் போற சமயம். மேனேஜர் சொன்னாராம், அடிமரத்தை நீ எடுத்துக்க தங்கையா, பங்களா வாசலுக்கு ஏதாவது ஒண்ணு செஞ்சு குடுன்னு. டிராக்டர்ல கொண்டுவந்து இறக்கினாங்க. பலாவை அறுத்துப் பார்த்திருக்கீங்களா மேடம்? உள்ள மஞ்சளா இருக்கும். பச்சை மஞ்சக்கிழங்கு மாதிரி. இப்ப வெயில் பட்டுப் பழுப்பாயிடுச்சு. அன்னைக்கு அவர் மேல்தோலைச் சீவினதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. அதே நிறம்.

அதுல என்ன செய்வார்? அதேதான். இந்தத் தடவை வாயை மூடி வெச்சிருந்தார். அவருக்கும் அலுத்துப் போச்சோ என்னமோ, வெறி எல்லாம் அடங்கி, சும்மா நடந்து போற மாதிரி ஒரு உடம்பு. தூறல் போட்டுக்கிட்டு இருந்துச்சு. மிஷினை ஆஃப் பண்ணாமலே கூப்பிட்டார். போனேன். பல்லு தெரியுமா, தெரியாதா, அதையாவது சொல்லேன்னார்.

எப்படி வாயில வந்துச்சுன்னு தெரியல. சொல்லிட்டேன்.

"பல்லு எப்படித் தெரியும்? வாயில பிள்ளை இருந்தாளே."

மிஷினை ஆஃப் பண்ணிட்டார்.

அதுக்கப்புறம் நிறுத்த முடியல மேடம். அங்கேயே நின்னு கொட்டிட்டேன். அது கடுவன் இல்ல, பொட்டை. மெலிஞ்சு விலா எலும்பு தெரிஞ்சுது. வயிறு தொங்கிக்கிட்டு, காம்பெல்லாம் பால் கட்டி இருந்துச்சு, எங்கேயோ குட்டி போட்டு வெச்சிருக்கு. பாயல, உறுமல. தேயிலை ஓரம் வரைக்கும் போயி ஒரு காலைத் தூக்கினபடி நின்னு திரும்பி என்னைப் பார்த்துச்சு. கோவமே இல்ல அந்த முகத்துல. கடையில சாமான் வாங்கிட்டு வீட்டுக்கு நேரமாச்சேன்னு போற பொம்பளைய யாராவது கூப்பிட்டா எப்படித் திரும்பிப் பார்ப்பா? அப்படித்தான். பார்த்துட்டுப் போயிடுச்சு.

அவர் அழல. ஒரு கேள்வி கேக்கல. பெட்ரோல் ஊத்தி மறுபடி மிஷினை எடுத்தார். நான் உள்ள வந்து கதவைச் சாத்திக்கிட்டேன். நாலஞ்சு நாள் அந்தப் பக்கமே போகல. அப்புறம் கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன்.

இதான். நீங்க பார்க்கறீங்களே, இதேதான். கழுத்து, தூக்கின கால், விலா எலும்பு, எல்லாம். வாய் மட்டும் கொஞ்சம் திறந்து காலியா இருக்கு. சிரிக்கிற மாதிரி இருக்குன்னு வர்றவங்க சொல்வாங்க. பிள்ளைங்க அதுல பூ, பிஸ்கட் எல்லாம் சொருகிட்டுப் போகும். காலையில நான்தான் எடுத்துப் போடுவேன்.

ஆமான்னேன். அவ்வளவுதான் சொன்னேன். அவர் மிஷினைக் கீழ வெச்சுட்டு அது பக்கத்துல மண்ணுல உக்காந்துட்டார். இருட்டற வரைக்கும் அப்படியே உக்காந்திருந்தார். சாப்பிடக் கூப்பிட்டேன், வந்தார். மறுநாளும் போய் உக்காந்தார். அதுக்கடுத்த நாளும். விலா எலும்பு மேல கைய வெச்சுக்கிட்டு. பங்களாவுக்கு அனுப்ப மாட்டேன்னுட்டார். மேனேஜர் ஆள் அனுப்பினா, வேற செஞ்சு தர்றேன்னு திருப்பி அனுப்பினார். என்கிட்ட நல்லாத்தான் பேசினார். ராத்திரியில கஞ்சி குடிச்சியான்னு கேட்டார். பல மாசத்துக்கு அப்புறம் அப்படி ஒரு கேள்வி.

ஆனா எனக்குத் தெரியும் மேடம். இந்த மனுஷன் புத்தி கெட்டுப் போகப் போகுதுன்னு தெரிஞ்சுபோச்சு. வீட்டுக்குப் பின்னால அதை வெச்சுக்கிட்டு யாராவது பொழைக்க முடியுமா? அவர் கீழ் டிவிஷனுக்கு மரம் அறுக்கப் போயிருந்த நாளாப் பார்த்து நானே மேனேஜர்கிட்ட போனேன். டிராக்டரைக் கூட்டிக்கிட்டு வந்து, கயிறு கட்டி, நானும் ஒரு கை பிடிச்சு ஏத்திவிட்டேன். அவர் நல்லதுக்குத்தான்.

சாயங்காலம் வந்தார். பின்னால போனார். மண்ணுல பதிஞ்ச குழி மட்டும் இருந்துச்சு. திரும்பி வந்து கை கால் கழுவிட்டு சாப்பிட்டார். ஒண்ணும் கேக்கல. எங்க போச்சுன்னுகூட ஒரு வார்த்தை கேக்கல. மாசக்கணக்கா கேள்வியா கேட்டவர். நான் சொல்லிப் பார்த்தேன், உங்க நல்லதுக்குத்தான்னு. சரின்னார். அந்த மாசக் கடைசியில மிஷினைத் தோள்ல போட்டுக்கிட்டு கேரளாவுக்குப் போயிட்டார், ரப்பர் மரம் வெட்ட. வேலை நிறைய இருக்காம். போன் பண்ணுவார். சௌக்கியமான்னு கேப்பார். மழையான்னு கேப்பார்.

நான் கொழுந்து வேலைய விட்டுட்டு இங்க கூட்டித் துடைக்க வந்துட்டேன். குளிர்ல நிக்க வேண்டியதில்லை, அதுக்குத்தான் வந்தேன். இதைத் துடைக்கிறதை மட்டும் வேற யாருக்கும் விட மாட்டேன். காது மடிப்புல தூசி நிக்கும், அவங்களுக்குச் சரியா எடுக்கத் தெரியாது.

போன மாசம் வந்தார். ஒரு நாள் லீவுன்னு. வீட்டுக்குப் போகாம நேரா இங்கதான் வந்தார். வாட்ச்மேன் புதுசு, யாருன்னு தெரியாம கேட்லயே நிறுத்திட்டான். நான் போய்ச் சொன்னதுக்கு அப்புறம்தான் விட்டான். செஞ்ச ஆளு மேடம், கேட்ல நிக்கறார். இளைச்சுப் போயிருந்தார். அது பக்கத்துல வந்து நின்னார். தொடல. நான் சமையல்கட்டுல இருந்து டீ கொண்டுவந்து குடுத்தேன். ரெண்டு பேரும் இந்த இடத்துலதான் நின்னோம்.

டீயைக் கையில வெச்சுக்கிட்டுக் கேட்டார்.

"அவ ஏதாவது சொன்னாளா?"

பாருங்க மேடம். எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைச்சேன். மறுபடியும் கேள்வி. மாசக்கணக்கா கட்டைய அறுத்து அறுத்து என்கிட்ட கேட்டதெல்லாம் இதைத்தான் போல. சுத்திச் சுத்தி இதுக்குத்தான் வந்திருக்கார். என் வாயைக் கிளறணும். நான் அவ பக்கத்துல இருந்தேனா, அவ குரல் எனக்குக் கேட்டுச்சா, கேட்டும் நின்னேனான்னு தெரிஞ்சுக்கணும். வேற எதுக்குக் கேப்பார்?

சொன்னா மேடம். உங்ககிட்டதான் சொல்றேன், நீங்க காலையில கிளம்பிப் போயிடுவீங்க. நான் குடத்தை வெச்சுட்டுத் திரும்பினப்ப அது முன்னால நின்னாளே, அப்ப அவ கத்தல. ஓடல. என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிச்சா. சிரிச்சுக்கிட்டு, "அம்மா, இது எப்ப அப்பா செஞ்சாங்க?"ன்னா. கையை நீட்டினா, தொட்டுப் பார்க்க.

அதை எவன்கிட்ட சொல்றது?

அவர் டீயைக் குடிக்காம நின்னுக்கிட்டு இருந்தார். ஆவி அடங்கிப் போச்சு. நான் அவர் தாடைத் தழும்பைப் பார்த்துக்கிட்டே, ஒண்ணும் சொல்லலைன்னேன். ஒரு வார்த்தை சொல்லல, அதுக்கெல்லாம் நேரமே இல்லைன்னேன்.

டீயைக் கீழ வெச்சுட்டு, "அப்ப பயந்திருக்க மாட்டா, இல்ல?"ன்னு கேட்டார்.

"பயப்படல"ன்னேன்.

அது பொய்யில்ல மேடம்.